வாசல் ஊழியம்

கொல்கத்தா பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஹாலில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கூடும் தமிழ்ச் சபையில், வாசலில் நிற்கும் வேலை பதினோரு வருடமாக எப்சிபாயுடையது. சபையில் அதற்கு வாசல் ஊழியம் என்று பெயர். வருகிறவர்களுக்குப் பாட்டுப்புத்தகம் கொடுக்க வேண்டும். செல்போன்களை வாங்கி நீலப் பிளாஸ்டிக் கூடையில் போட வேண்டும். முக்காடு போடத் துணி இல்லாமல் வரும் பெண்களுக்குப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துப்பட்டாவை எடுத்து நீட்ட வேண்டும். இந்தக் கடைசி வேலையை அவள் மற்ற இரண்டையும்விடக் கருத்தாகச் செய்தாள்.

அவள் பிறந்தது மார்த்தாண்டம் பக்கம். தன் சமூகத்துப் பெண்கள் ஒருகாலத்தில் மார்பை மறைக்கக்கூடாது என்று இருந்ததும், மறைத்தவர்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்ததும், வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களான பெண்கள் அடிபட்டும் ரவிக்கையைக் கழற்றாமல் நின்றதும் அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஊரில் சபை ஆண்டுவிழாவுக்கு ஆண்டுவிழா அதைச் சொல்லுவார்கள். அதனால் துணி என்பது அவளுக்கு அழகோ ஃபேஷனோ இல்லை. ரத்தம் சிந்தி வாங்கிய ஒன்று. அதைக் கையும் தோளும் தெரிய வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஆலயத்துக்குள் வந்தால் எப்சிபாய்க்குக் கோபம் வருவதற்கு முன்னால் மனது வலிக்கும்.

கணவன் டென்னிசன் துறைமுகத்தில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். கல்யாணமான புதிதில் கொல்கத்தாவுக்கு வந்தவர்கள், இருபத்து மூன்று வருடமாக டாலிகஞ்சில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார்கள். ஒரே மகள் மேக்னா. வங்காளத்தில் பிறந்த பிள்ளைக்கு வங்காளப் பேராக இருக்கட்டும் என்று டென்னிசன்தான் அந்தப் பேரை வைத்தான். மேக்னாவுக்கு இருபத்தொரு வயது. கல்லூரி முடித்து நியூ டவுனில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஜூலையில் சேர வேண்டும். சபையில் அவள்தான் கீபோர்டு வாசிப்பாள்.

மே மாதம் முதல் ஞாயிறு ஒரு சம்பவம் நடந்தது. வசுமதி என்கிற பெண் தன் மகள் சுபிக்ஷாவோடு ஆராதனைக்கு வந்தாள். வசுமதி ஐந்து வருடத்துக்கு முன்னால்தான் ஞானஸ்நானம் எடுத்தவள், மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் வேலை. பதினாறு வயது சுபிக்ஷா முழங்கால் தெரிகிற ஃபிராக் போட்டிருந்தாள். எப்சிபாய் அந்தப் பெண்ணிடம் துப்பட்டாவைக் கொடுத்து, "இடுப்புல சுத்திக்கிட்டு கடைசி வரிசையில இரி மக்களே" என்றாள். சுபிக்ஷாவின் முகம் சிவந்துவிட்டது. வசுமதி மகளின் கையிலிருந்து துப்பட்டாவைப் பிடுங்கி எப்சிபாயின் மேசைமேல் போட்டாள்.

"ஊரான் பிள்ளைக்குத் துணி சுத்தறதுக்கு முன்னாடி உங்க பொண்ணு வீட்டுக்கு வெளிய என்ன போட்டுட்டு சுத்தறான்னு பாருங்க" என்றாள். பாட்டு தொடங்கியிருக்கவில்லை. ஹாலில் எல்லாருக்கும் கேட்டது.

எப்சிபாய் அந்த வாரம் முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து. சனிக்கிழமை மேக்னா நியூ டவுனில் தோழி வீட்டில் தங்கியிருந்தாள். காலையில் அங்கிருந்து நேராக சபைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். டென்னிசனுக்கு அன்று துறைமுகத்தில் டியூட்டி. பத்து இருபதுக்கு, முதல் பாட்டு முடிகிற நேரத்தில், மேக்னா கேப்பிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். மஞ்சள் குர்த்தி, கீழே லெக்கின்ஸ். குர்த்திக்குக் கை இல்லை. துப்பட்டாவும் இல்லை. வெயிலில் கழுத்தெல்லாம் வேர்த்து வழிந்தது.

எப்சிபாய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன கோலம் இது?"

"அம்மா, ஸாரி. சல்வாருக்கு மேல காப்பி கொட்டிருச்சு. இது ஃபிரெண்டுக்க குர்த்தி. அந்தத் துப்பட்டாவக் குடு, சுத்திக்கிடுதேன்."

பையில் இரண்டு துப்பட்டா இருந்தது. எப்சிபாய் உள்ளே பார்த்தாள். மூன்றாவது வரிசையில் வசுமதி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வெளியாளுக்கு உள்ளது. நீ வீட்டுக்குப் போயி மாத்திட்டு வா."

"இப்பவா? டாலிகஞ்ச் போயிட்டு வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். கீபோர்டு யாரு வாசிப்பா?"

"ஆண்டவருக்கு ஒனக்க கீபோர்டு வேண்டாம். போ."

கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னாள். நாலைந்து தலைகள் திரும்பின. மேக்னா உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். அழுகையை அடக்கும்போது அவளுக்கு மூக்கு நுனி சிவக்கும். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். எப்சிபாய் வசுமதியைப் பார்த்தாள். வசுமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

பாஸ்டர் மாணிக்கம் அன்று சங்கீதத்திலிருந்து பேசினார். வேலூர்ப் பக்கத்துக்காரர், மெதுவாக, யாரையும் பயமுறுத்தாமல் பேசுகிறவர். தேவனுடைய சந்நிதியில் இருக்கும்போது உள்ளம் வேறெங்கும் அலையக்கூடாது என்றார். போன்களை வாங்கி வைக்கும் ஏற்பாடு நான்கு வருடத்துக்கு முன்னால் எப்சிபாய் சொல்லித்தான் வந்தது. ஜெபத்தின் நடுவில் யாரோ ஒருவருடைய போனில் சினிமாப் பாட்டு ஒலித்த ஞாயிறன்று அவள்தான் கமிட்டியில் எழுந்து பேசினாள்.

பத்து ஐம்பது இருக்கும். கூடையில் மேலாகக் கிடந்த அவளுடைய போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அது அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அதே நம்பர். பக்கத்தில் இருந்த ஒரு முதியவர் கண்ணைத் திறந்து பார்த்தார். எப்சிபாய் அழைப்பைத் துண்டித்தாள். மூன்றாவது தடவை அதிர்ந்தபோது அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. மேக்னாவின் போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது. யாரிடமாவது போன் வாங்கிக் கூப்பிடுவாள். வாசலுக்கு வெளியில் நின்றுகொண்டு, இப்படியே உள்ளே விடு என்று கெஞ்சுவதற்காகக் கூப்பிடுகிறாளாக இருக்கும். அப்படித் தோன்றியதனாலேயே அந்த அழைப்பை உடனே துண்டித்து, போனையும் அணைத்து, கூடையின் அடியில் தள்ளினாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெபத்தில் கண்ணை மூடினாள். திருவிருந்து எடுத்தாள். கடைசிப் பாட்டு வரைக்கும் மேக்னா வரவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்று நினைத்தாள்.

பன்னிரண்டரைக்கு எல்லாருடைய போனையும் எடுத்துக் கொடுத்து முடித்தபின் தன்னுடையதைப் போட்டாள். பதினோரு அழைப்பு வந்திருந்ததாகச் செய்தி காட்டியது. எல்லாம் ஒரே நம்பர். அவள் கூப்பிட்டதும் ஒரு பெண் வங்காள மொழியில் கத்தினாள். "நீங்க மேக்னாவோட அம்மாவா? எங்கே போயிட்டீங்க? உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

நடந்தது இதுதான். ஒரே ரூட்டில் ஓடும் இரண்டு மினிபஸ்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலி ரோட்டில், அடுத்த நிறுத்தத்து ஆட்களைப் பிடிக்கப் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஆட்டோவுக்காக ஓரத்தில் நின்ற மேக்னாவை, முந்தப் பார்த்த பஸ் இடித்துத் தள்ளியது. பின்சக்கரம் அவளுடைய இடது காலில், முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கியது. அவளுடைய போன் அதே சக்கரத்தில் நொறுங்கியது. டிரைவர் பஸ்ஸை விட்டுவிட்டு ஓடிவிட்டான்.

போனில் பேசியவள் பெயர் ஷிப்ரா. சோனார்பூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து பாலிகஞ்சில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாளைப் பார்த்துக்கொள்கிற ஆயா. அன்று ரயிலிலிருந்து இறங்கி வந்தவள் இதைப் பார்த்து, வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டாள். எப்சிபாயும் பாஸ்டரும் அரசு ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குள் ஓடியபோது, ஒரு ஸ்டிரெச்சரின் பக்கத்தில் வெறும் பாவாடை ரவிக்கையோடு, தோளில் ஒரு டவலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள். அவளுடைய சேலை மேக்னாவின்மேல் கிடந்தது. பாதி நனைந்து கறுத்திருந்தது.

"பொண்ணோட உடுப்பெல்லாம் இடுப்பு வரைக்கும் கிழிஞ்சுபோச்சு தீதி. சுத்தி நின்னு எல்லாரும் போன்ல படம் எடுத்தாங்க. வேற என்ன செய்யிறது? அவுத்து மூடினேன்" என்றாள் ஷிப்ரா.

எப்சிபாய் சேலையின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். பாஸ்டர் அவளைப் பின்னுக்கு இழுத்தார்.

காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தது. அதை ஒட்டுகிற டாக்டர் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு வீட்டு ஆள் யாராவது வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று பதினொன்றரை மணிக்கே சொல்லியிருக்கிறார்கள். மேக்னா அப்போது நினைவோடு இருந்தாள். அப்பா போன மாதம்தான் நம்பர் மாற்றியிருந்தார். அது அவளுக்கு மனப்பாடமாகவில்லை. தெரிந்தது அம்மாவின் நம்பர் ஒன்றுதான். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

பாஸ்டர் மாணிக்கம் அன்று ஒரு மகனைப்போல ஓடினார். ஆம்புலன்ஸ் பிடித்தார், சபை வாலிபர்கள் ஆறு பேரை ரத்தம் கொடுக்க வரவழைத்தார், துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி டென்னிசனைக் கூட்டிவந்தார். வேறொரு ஆஸ்பத்திரியில் நாலு மணிக்கு மேல் ஆபரேஷன் தொடங்கியது. அன்றிரவு ஒட்டிய குழாயில் ரத்தம் ஓடவில்லை. மறுநாள் காலை, முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் அகலம் விட்டுக் காலை எடுத்துவிட்டார்கள்.

டென்னிசன் ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் மனைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நீ போன எடுக்கலியா எப்சி?"

"ஹால்ல கூடையில கெடந்து" என்றாள்.

அது பொய் இல்லை. அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

டாக்டரிடம் மட்டும் அவள் தனியாகப் போய்க் கேட்டாள். ஒன்றரை மணி நேரம் முந்திக் கொண்டுவந்திருந்தால் கால் நின்றிருக்குமா? அவர் சின்ன வயதுக்காரர், பெங்காலி. "இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். அதை யாராலும் சொல்ல முடியாது மாஷிமா" என்றார். எப்படியும் கால் போயிருக்கும் என்று சொல்லியிருந்தால் நிம்மதி. நின்றிருக்கும் என்று சொல்லியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம். இது இரண்டுக்கும் இடையில் அவளை விட்டுவிட்டது.

ஜூன் நடுவில் மேக்னா வீட்டுக்கு வந்தாள். எப்சிபாய் அவளைக் குளிப்பாட்டினாள், தலை வாரினாள், உடுப்பு மாட்டினாள். நைட்டியின் ஒரு பக்கம் மட்டும் காலியாகத் தொங்குவதைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். வெட்டிய இடம் ஒழுங்காக வடிவத்துக்கு வருவதற்காக எலாஸ்டிக் கட்டை ஒரு நாளைக்கு மூன்று தடவை அவிழ்த்துச் சுற்ற வேண்டும். மேக்னா எதற்கும் எதிர்ப்புச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அப்பாவோடு கிரிக்கெட் பார்த்தாள். தோழிகள் வந்தால் வங்காள மொழியில் சத்தமாகப் பேசினாள். அம்மாவிடம் மட்டும் ஆயாவிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசினாள். இல்லாத பாதம் எரிகிறது என்று சில நேரம் படுக்கையைக் குத்துவாள். அப்போதும் அவள் கூப்பிடுவது அப்பாவைத்தான்.

மேக்னா சபைக்கு வரவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. எப்சிபாய் ஜூலையில் மறுபடி போகத் தொடங்கினாள். வாசலில் நின்றாள். கூடையை மேசையில் வைத்தாள். துணியில்லாமல் வருகிறவர்களிடம் துப்பட்டாவை நீட்டினாள். ஆனால் முகத்தைப் பார்த்து நீட்ட முடியவில்லை. ஜெபத்தில் கண்ணை மூடினால் போன் அதிர்கிற சத்தம் கேட்கும். எழுந்து போய்க் கூடையைப் பார்ப்பாள். ஒன்றும் அடித்திருக்காது.

ஆகஸ்டில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். மேக்னாவின் தலையில் கைவைத்து ஜெபித்தார். டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "எப்சிம்மா, வர்ற ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை. கர்த்தர் இந்தப் பிள்ளையை மரண வாசல்லேருந்து தூக்கி எடுத்தாரே, அதை நீங்க எழுந்து சாட்சியா சொல்லணும். சோர்ந்துபோனவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. அவங்களுக்கு அது பலமா இருக்கும்."

எப்சிபாய் தலையை ஆட்டினாள். மேக்னா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பாஸ்டர் போனபின் கட்டு மாற்றுகிற நேரம். எப்சிபாய் கட்டிலில் உட்கார்ந்து எலாஸ்டிக் துணியைப் பாதி அவிழ்த்தவள் கையை நிறுத்தினாள்.

"மக்களே, ஒனக்கிட்ட ஒரு காரியம் சொல்லணும்."

"சொல்லு."

"அண்ணைக்கு போன் வந்தப்ப நான் பாத்தேன். அடிச்சது எனக்குத் தெரியும். மொத தடவ விட்டுட்டேன். மத்த ரெண்டு தடவையும் நான்தான் கட் பண்ணினேன். பொறவு அணைச்சு வச்சேன்."

மேக்னா மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள்.

எப்சிபாய்க்குப் புரியவில்லை.

"ஷிப்ரா தீதி ஸ்பீக்கர்ல போட்டுதான் கூப்பிட்டா. நான் கீழ கெடந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். மொத தடவ ஃபுல்லா அடிச்சு நின்னுச்சு. ரெண்டாவது நாலு ரிங். மூணாவது ஒரே ரிங்கு. அதுக்கப்புறம் ஸ்விட்ச் ஆஃப். 'கேட்டே திச்சே' ன்னு அவ பக்கத்துல நின்ன ஆளுகிட்ட சொன்னா. கட் பண்ணுதாங்கன்னு."

"எனக்கிட்ட ஏன் நீ கேக்கல?"

"நீயா சொல்லுவியான்னு பாத்தேன். மூணு மாசம் ஆச்சு."

மழைத் தண்ணீர் சன்ஷேடில் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது. எப்சிபாய் மகளின் கையைப் பிடிக்கப் போனாள். மேக்னா கையை இழுக்கவில்லை. ஆனால் அந்தக் கை செத்ததுபோலக் கிடந்தது.

"நீ வெளிய நிண்ணு கெஞ்சதுக்குப் போன் அடிக்கியேன்னு நெனச்சேன் பிள்ளே. வசுமதிக்க முன்னால எனக்கு மானப் பிரச்சினையா போச்சு. என்ன மன்னிச்சிரு."

"இப்ப அது எனக்கு வராது அம்மா. வந்தா சொல்லுதேன்."

மேக்னாவே தொடர்ந்தாள். "கால் போயிரும்னு அங்க எனக்குப் பயமே வரல. வேற ஒண்ணும் தோணல. நீ இன்னும் கோவத்துல இருக்க, அதான் எடுக்காம இருக்கன்னு நெனச்சேன். நான் செத்துட்டா அம்மா கோவத்துலயே இருப்பாளேன்னு நெனச்சேன். அது ஒண்ணுதான் ஓடிட்டே இருந்துச்சு."

எப்சிபாய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"அழாத. கட்டச் சுத்து, வீங்குது" என்றாள் மேக்னா. சுற்றி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "பாஸ்டர் சாட்சி சொல்லச் சொன்னாருல்லா? போயி இதச் சொல்லு. என்ன வெளிய அனுப்பினது எல்லாரு முன்னாலயும்தான? இதையும் எல்லாரு முன்னாலயும் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. டென்னிசனும் வந்திருந்தான். முந்தின நாள் ராத்திரியே எப்சிபாய் அவனிடம் சொல்லிவிட்டிருந்தாள். அவன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலில் போய்ப் படுத்துவிட்டான். ஆனாலும் காலையில் அவளுக்கு முன்னால் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றான்.

பாஸ்டர் கூப்பிட்டதும் எப்சிபாய் மைக் முன்னால் போய் நின்றாள். எழுதிக்கொண்டு வரவில்லை.

"கர்த்தர் எனக்க பிள்ளைய உயிரோட வச்சிருக்காரு. அதுக்கு ஸ்தோத்திரம். ஆனா நான் அதச் சொல்ல வரல. அந்த ஞாயித்துக்கிழம அவ துப்பட்டா கேட்டா. பையில ரெண்டு இருந்து. நான் குடுக்கல. ஒங்க எல்லாருக்கும் முன்னால நான் நல்லவளா தெரியணும்னு அவளத் திருப்பி அனுப்பினேன். அவ ரோட்டுல கெடந்து மூணு தடவ எனக்குக் கூப்பிட்டா. ரெண்டு தடவ நான் கட் பண்ணினேன். பொறவு போன அணைச்சேன். அணைச்சுட்டு, இதே கையால அப்பமும் திராட்சரசமும் வாங்கினேன்."

நிறுத்தினாள். "இவ்வளவுதான்" என்றாள்.

பாஸ்டர் மாணிக்கத்தின் முகம் வெளுத்திருந்தது. "சத்துரு நம்மைக் குற்றப்படுத்துகிறவன். கிறிஸ்துவோ நம்மை மன்னிக்கிறவர்" என்று சொல்லிவிட்டு, ஸ்தோத்திரப் பாட்டு ஒன்றைத் தொடங்கினார். ஜனங்கள் எழுந்து நின்று பாடினார்கள். இடையிடையே கைதட்டினார்கள். எப்சிபாய் மைக்கின் பக்கத்திலேயே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். டென்னிசன் போய் அவளை முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தான்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வசுமதி ஓடிவந்தாள். கண்ணெல்லாம் அழுது வீங்கியிருந்தது. "அக்கா, அன்னைக்கு நான் அந்த வார்த்தையைச் சொல்லாம இருந்திருந்தா நீங்க..." என்று தொடங்கினாள். எப்சிபாய், "இல்ல. நீங்க சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல" என்றாள். வசுமதிக்கு அது ஆறுதலாக இருந்ததா, அடியாக இருந்ததா என்று தெரியவில்லை. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு அவர்கள் இருவரும் சபைக்கு வரவில்லை.

வீட்டில் மேக்னா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"பாட்டுப் பாடினாங்க."

மேக்னா சிரித்துவிட்டாள். விபத்துக்குப் பிறகு அவள் அம்மாவின் முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நிற்கவில்லை, வாக்கர் ஆடியது. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் தெரியவில்லை. டென்னிசன் அவளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான். எப்சிபாய் தண்ணீர் கொண்டுவந்தாள். மேக்னா அதைக் குடித்தாள்.

அடுத்த வாரம் பாஸ்டர் போன் பண்ணி, கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள், வாசலை வேறு சகோதரி பார்த்துக்கொள்ளட்டும் என்றார். கமிட்டி கூடி ஒரு முடிவு எடுத்திருந்தது. இனிமேல் கூடையில் போடுகிற போன்களை அதிர்வில்கூட வைக்கக்கூடாது, முழுக்க அணைத்துவிட்டுத்தான் போட வேண்டும். அப்படிச் செய்தால் யாருக்கும் சோதனை வராது என்று பேசிக்கொண்டார்களாம். பாஸ்டர் அதைச் சொல்லும்போது அவர் குரலில் வெட்கம் இருந்தது. அவரால் தடுக்க முடியவில்லை என்று எப்சிபாய்க்குப் புரிந்தது.

அக்டோபரில், துர்கா பூஜை விடுமுறை முடிந்ததும், மேக்னாவுக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். கம்பெனி அவளுக்கான இடத்தை வைத்திருந்தது. டிசம்பரில் வேலையில் சேர்ந்தாள். டாலிகஞ்சிலிருந்து தினமும் போய்வர முடியாது என்று நியூ டவுனில் லிஃப்ட் உள்ள கட்டடமாகப் பார்த்து, இரண்டு தோழிகளோடு ஒரு ஃபிளாட்டில் தங்கினாள். பெட்டியை அடுக்கும்போது, "ஞாயித்துக்கிழம வேணும்னா வா. மத்த நாள் நான் இருக்க மாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னாள். ஞாயிறு என்று அவள் வேண்டுமென்றே சொன்னாளா, உண்மையிலேயே லீவு என்பதற்காகச் சொன்னாளா என்று எப்சிபாய் கேட்கவில்லை. அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பஸ் ஏறி நியூ டவுன் போனாள். மீன் குழம்பும் மரவள்ளிக் கிழங்கும் கொண்டுபோவாள். மேக்னா சாப்பிடுவாள். லேப்டாப்பில் ஏதாவது பார்ப்பாள். மூன்று மணிக்கு எப்சிபாய் பாத்திரங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்புவாள். சில ஞாயிறு அவர்கள் இருபது வார்த்தைகூடப் பேசியதில்லை. வீட்டில் டென்னிசன் பேசுவான், சாப்பிடுவான். ஆனால் படுப்பது ஹாலில்தான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மேக்னா நொண்டுவதை எப்சிபாய் கவனித்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சே, விடு."

"காலக் காட்டு பிள்ளே."

"பாத்துக்கோ. தொடாத."

மேக்னா கட்டிலில் உட்கார்ந்து செயற்கைக் காலைக் கழற்றினாள். உள்ளே போடும் உறை ரத்தத்தில் ஒட்டியிருந்தது. அதை மெல்ல உரித்ததும், வெட்டிய இடத்தின் நுனியில் இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் போய்ச் சதை தெரிந்தது. நாலு நாளாக இதோடு ஆபீஸ் போய்வந்திருக்கிறாள். எப்சிபாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டாக்டர்ட்ட போணும்."

"செவ்வாக்கிழம போறேன். அப்பா வாறேன்னு சொல்லிட்டாரு."

எப்சிபாய் கிழங்குப் பாத்திரத்தைத் திறந்து வைத்தாள். தட்டை எடுத்தாள். பிறகு கேட்டுவிட்டாள். "நானும் வரட்டா?"

மேக்னா பஞ்சால் புண்ணைத் துடைத்து மருந்து போட்டாள். அது எரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கேப்புல பின்னால மூணு பேரு உக்காரலாம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் போனார்கள். புண் ஆறும்வரை, இரண்டு மாதமோ மூன்று மாதமோ, செயற்கைக் காலை மாட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளே எலும்பின் நுனி சரியில்லை, ஆறாவிட்டால் மறுபடி ஆபரேஷன் செய்து இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டி வரலாம் என்றார். திரும்பும் வழியில் கேப்பில் மேக்னா அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எப்சிபாய் மறுபக்கம், கழற்றிய செயற்கைக் காலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, வண்டி நியூ டவுன் போய்ச் சேரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.